விழுங்கும் சத்தம்

"இப்ப வரும்மா. கையைக் குடு."

மகள் இருட்டில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் மாடிப்படி. அதன் கீழே ஒருவன் விழுந்து கிடந்தான். அவனுடைய ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மேலே, பூட்டியிருந்த அறையின் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

"கதவுக்கு எண்ணெய் விடுங்கடா" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

மகளின் நகம் அம்மாவின் தோலில் இறங்கியது. பேய்ப் படத்தில் தவறான இடத்தில் சிரித்துவிட்ட கூட்டம் அப்புறம் பயப்படாது. இருவருக்கும் அது தெரியும்.

கதவு முழுதாகத் திறந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. கிடந்தவன் கைகளைக் கூப்பினான். இசை நின்றது.

"போதுமா?"

உரத்த குரல் இல்லை. களைத்துப்போன ஒருத்தி காதுக்குப் பக்கத்தில் கேட்பது போல இருந்தது. கேட்டபின் எதையோ விழுங்கும் சத்தம்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. குளிர்சாதனத்தின் இரைச்சல் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் ஒருத்தி தரையிலிருந்து கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

மகள் பிடித்திருந்த மூச்சை விட்டாள். "விழுந்துட்டாங்கம்மா" என்று காதோடு சொன்னாள். "மொத்தத் தியேட்டரும் விழுந்துடுச்சு."

திரையில் காட்சி மாறிவிட்டது. அம்மாவின் காதில் மாறவில்லை. அந்த விழுங்கலுக்குப் பின்னால் மூக்கு வழியாக வந்த சின்ன மூச்சு ஒன்று இருந்தது. பெரியவர்கள் அப்படி விழுங்குவதில்லை. மகள் இந்தப் படத்தின் பேய்க்குக் குரல் கொடுக்கப் பழகியதை வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். மகளும் விழுங்குவாள். அந்த விழுங்கல் வேறு.

திரையில் இப்போது கேட்டது மகளின் குரல் இல்லை. இதே கதையாக முன்பு வந்த பழைய படத்தில் அம்மா பேசியது. அதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

*

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளைப் போதுமாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் இருக்கும் காவலாளிக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் ஆசைப்பட்டதும் இல்லை.

பழைய படத்துக்குப் பேசியபோது அவள் தொழிலுக்குப் புதிது. அப்போதெல்லாம் படத்துண்டை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உதடு பொருந்தும்வரை பேச வேண்டும். பேய்க்கு உதடு பொருத்த வேண்டியதில்லை. அதனால் அந்த வேலையைப் புதியவளிடம் கொடுத்தார்கள். புருஷனால் மாடி அறையில் பூட்டப்பட்டுப் பட்டினியில் செத்த ஒருத்தி அந்த வீட்டை விட்டுப் போக மறுப்பதுதான் கதை. அழுகை, சிரிப்பு, மூச்சு. வசனம் அதிகம் கிடையாது. படத்தின் கடைசியில் வரும் "போதுமா?" வசனத்தாளில் இல்லவே இல்லை.

படம் நன்றாக ஓடியது. அந்த ஒரு வார்த்தைக்காகவே ஓடியது என்று சொன்னவர்கள் உண்டு. பேய் எதை விழுங்குகிறது என்பது பற்றி ஜனங்களிடம் பல அபிப்பிராயங்கள் இருந்தன. ரத்தம் என்றார்கள் சிலர். புருஷனின் உயிர் என்றார் ஒரு பத்திரிகைக்காரர். விளம்பரத்துக்காகப் படக் கம்பெனி ஒரு கதை கட்டியது: குரல் கொடுத்த பெண் மூன்று நாள் பட்டினி கிடந்து அந்த வார்த்தையைப் பேசினாள் என்று. அவள் மறுக்கவில்லை. புதியவள் கம்பெனி சொன்னதை மறுத்தால் அடுத்த வேலை வராது.

பிறகு வந்ததெல்லாம் பேய்தான். பேய், பேய் பிடித்தவள், தீயில் எரிபவள், கிணற்றில் குதிப்பவள். "நான் செத்துச் செத்துப் பிழைக்கிறவ" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவள் புருஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்க. நான் பேயைக் கட்டிக்கிட்டேன், மூணாவது மாடிதான் ஏறுறேன்" என்று மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார். அந்த மூச்சே ஒருநாள் அவரைக் கொண்டுபோனது.

வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. பரிமாறும்போது அவள் யாரையும் "போதுமா" என்று கேட்பதில்லை. ஒருமுறை வாய்தவறிக் கேட்டு, விருந்துக்கு வந்த நாத்தனார் தட்டோடு எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து "இன்னும் வைக்கவா?" என்றுதான்.

மகளும் அந்த வார்த்தைக்குப் பயந்தவள்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அம்மா தொடவிடாமல் அப்பாவோடு போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். அந்தக் குழந்தை வளர்ந்து அதே தொழிலுக்கு வந்தது. தொலைபேசியில் இரண்டு பேரின் குரலும் ஒன்றுபோல இருக்கும். சொந்தக்காரர்கள் மகளிடம் மூட்டுவலி விசாரிப்பார்கள். கூடங்களில் அவளைப் போதுமாக்கா பொண்ணு என்றார்கள். கதாநாயகியின் தோழி, கூட்டத்தில் ஒருத்தி, விளம்பரத்தில் சோப்பு. அதற்குமேல் ஏறவில்லை.

அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது பேய்க் குரலுக்கு மகளைக் கூப்பிட்டார்கள். எழுத்துப் போடும்போது குரல் என்று அவள் பெயர் தனியாக வரும் என்றார்கள். தயாரிப்பாளர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "படம் வரட்டும். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம். பேயைப் பத்தி நல்லபடியாப் பேசினாங்கன்னா அடுத்த படத்துல கதாநாயகிக்கே நீதாம்மா."

ஆகவே, ஜனங்கள் சொல்வதைக் கேட்கத்தான் இருவரும் முதல்நாள் பகல் காட்சிக்கு வந்திருந்தார்கள்.

*

படம் விட்டதும் கூட்டம் வாசல் படிக்கட்டில் தேங்கியது. கையில் ஒலிவாங்கியோடு ஒருவன் படியின் பாதியில் நின்றிருந்தான். பக்கத்தில் ஒருவன் கேமராவைத் தோளில் வைத்திருந்தான். இணையச் சேனல்காரர்கள். மகள் அம்மாவை இழுத்துக்கொண்டு போய் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே நின்றால் எல்லாம் கேட்கும்.

"அண்ணா, படம் எப்படி?"

"பேய் ரொம்ப வருதுங்க" என்றான் கல்லூரிப் பையன் ஒருவன். "கரண்டு கணக்கு எடுக்கிறவன்கூட இத்தனை தடவை வீட்டுக்கு வரமாட்டான். ஆனா கடைசில ஒண்ணு கேக்குது பாருங்க. அதுல முடிஞ்சுது."

"போதுமா?"

"டேய், நீ சொல்லாத. அதைக் கேட்டுட்டுத்தான் வர்றேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா தூணைப் பார்த்தாள்.

ஒரு தம்பதி வந்தார்கள். "வீடு நல்ல வீடு" என்றார் புருஷன். "பேய் இருக்குன்னா வாடகை குறைப்பான். நான் குடி போயிடுவேன்."

"இவரு போயிட்டாருன்னா பேய் காலி பண்ணிடும்" என்றாள் பெண்டாட்டி. "குறட்டை அப்படி."

துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர், கேட்பதற்கு முன்பே ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "பழைய படம்தான் தம்பி படம். அதுல பேயைக் காட்டவே மாட்டான். காட்டாததுதான் பேய். இது பிணத்துக்குப் பெயிண்ட் அடிச்ச கதை. ஆனா ஒண்ணு. அந்த 'போதுமா'வை மட்டும் கைவைக்காம அப்படியே வச்சிருக்கான். அதுக்காக விட்டுடறேன்."

கைவைக்காமல் அப்படியே. அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் முகம் விரிந்திருந்தது. "அப்படியே வந்திருக்காம்மா. கேட்டியா? பழசு பாத்தவரே சொல்றார்."

சொல்லிவிடலாமா என்று அம்மாவுக்கு வாய் வரை வந்தது. இங்கே, இந்தப் படிக்கட்டில், இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது. சொல்லாவிட்டால் யாராவது சொல்வார்கள். துணிப்பைக்காரர் பாதி சொல்லிவிட்டார்.

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவன் இறங்கி வந்தான். பகல் வேலைக்குப் போகாமல் வந்தவன் போல உடம்பில் ஏதோ ஒரு கம்பெனிச் சட்டை. ஒலிவாங்கியை நீட்டியதும் தயங்கி நின்றான்.

"எல்லாரும் அந்த வார்த்தையைச் சொல்றாங்க. எனக்கு அது ஒண்ணும் பண்ணல. அதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள அழுவுதில்ல? வாயைப் பொத்திக்கிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. அது கேக்க முடியல. அந்த அழுகையை நான்..." குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினான். "கேட்டிருக்கேன்."

"நன்றி அண்ணா. அடுத்து யாருப்பா?" என்றான் சேனல்காரன். அவனுக்கு அது உதவாது.

மகளின் காதிலும் அது ஏறவில்லை. அவள் 'போதுமா'வுக்காகக் காத்திருந்தாள்.

அடுத்து யாரும் இல்லாததால் ஒலிவாங்கி தூணுக்குப் பக்கத்தில் வந்தது. "அம்மா, நீங்க பழைய படம் பாத்திருப்பீங்கல்ல?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுக்கும். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப நீங்கதான் சரியான ஆள். பழைய 'போதுமா' நல்லா இருந்துச்சா, புதுசு நல்லா இருக்கா? மழுப்பாம சொல்லணும்."

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து மேடையில் பேசிவிட்டு இறங்கிவந்த நாளிலும் இப்படித்தான் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

சேனல்காரன் ஒலிவாங்கியைத் தணித்தான். "தப்பிச்சுட்டீங்க அம்மா" என்று சிரித்துவிட்டு நகர்ந்தான். மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுத்தினாள். அம்மா இதுவரை அவளைப் பாராட்டியதில்லை. இதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டாள்.

*

பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் போனை எடுத்தாள். படத்தைப் பற்றி ஜனங்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

"'படம் சுமார், பேய் சூப்பர்.' கேட்டியாம்மா? 'பழசைப் பாக்காதவங்களுக்குப் பிடிக்கும், பாத்தவங்களுக்கு வயசு தெரியும்.' இதைக் கேளு: 'போதுமான்னு கேட்டப்ப நான் போதும்னு கத்திட்டேன். பக்கத்துல இருந்த என் பொண்டாட்டி இன்னும் என்கூடப் பேசல.'"

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மகளின் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே போனது. அம்மா அந்த விரலைப் பார்த்தாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் புதிதாக ஏதோ கீழேயிருந்து ஏறி வந்தது. கிணற்றில் வாளி இழுப்பது போல. எந்த வாளியில் என்ன வரும் என்று தெரியவில்லை.

"பாப்பா, போனை வை. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரும்மா. வீட்டுக்குப் போய்ச் சொல்லேன்."

"இப்பவே சொல்லணும்."

"என்ன, அந்த அழுகைல மூச்சு உடைஞ்சுதே, அதானே? எனக்கே தெரியும். டைரக்டர் அதுதான் வேணும்னார்." விரல் நிற்கவில்லை. "'இன்டர்வெல்ல பாத்ரூமுக்கு நாலு பேர் துணைக்குப் போனோம்.' பாவம்."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரல் மறுபடி தள்ளியது. நின்றது.

இதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு போனை அம்மாவின் மடியில் வைத்தாள்.

'ரெண்டு படத்தோட போதுமாவையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். சத்தத்தோட அலைக்கோடுகூட மாறல. பழைய சத்தத்தையே ஒட்டியிருக்காங்க. அப்ப டைட்டில்ல பேர் போட்டிருக்கே ஒரு பொண்ணு, அது எதுக்குச் சம்பளம் வாங்குச்சு?'

"உனக்குத் தெரியும்" என்றாள் மகள்.

"தியேட்டர்லதான் தெரிஞ்சுது."

"'ரெண்டும் ஒண்ணுதான்.'" அம்மா சொன்ன அதே தொனியில் சொல்லிக்காட்டினாள். அந்தத் தொழிலில் அவள் கெட்டிக்காரி. "நான் வேற உன் தோள்ல சாஞ்சு..."

முன்சீட்டுப் பெண் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

*

வீட்டுக்குள் வந்ததும் மகள் ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டாள். பழைய படத்தில் அவர் உதவியாளர். இந்தப் படத்தில் அவர்தான் எல்லாம். இவள் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து தெரியும். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"மாமா, என் 'போதுமா' எங்க?"

அந்தப் பக்கத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை அவர் நிறுத்தினார்.

"பாப்பா, சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப, நூறாவது நாள் விழாவுலயா?"

"கோவிச்சுக்காத. உன்னுது நல்லாத்தான் இருந்துச்சு. டைரக்டர் ரெண்டையும் போட்டுக் கேட்டார். பழைய டேப்பு என்கிட்ட இருந்துச்சு. பொண்ணு பயமுறுத்துது, அம்மா பயமுறுத்தவே இல்ல, அதான் பயமா இருக்குன்னார். அந்த ஒரு வார்த்தைதான் பாப்பா. அழுகை, சிரிப்பு, மூச்சு, மத்ததெல்லாம் நீதான். சத்தியமா." பிறகு குரலைத் தணித்தார். "அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அக்கா, மன்னிச்சுக்கங்க."

மகள் இணைப்பைத் துண்டித்தாள்.

"ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம போய்ப் பேசினேன்" என்றாள். "தண்ணிகூட இல்லாம. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? மூணு நாள் பட்டினி கிடந்தாங்க எங்கம்மா, நான் ஒரு நாளாவது கிடக்கறேன்னு டைரக்டர்கிட்ட பெருமையா வேற சொன்னேன். பயமுறுத்தவே இல்லைங்கறாரு அவரு. பயமுறுத்தலைன்னா வேற எதுக்குத்தான் பேசின அதை?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். தெருவில் யாரோ இரும்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பட்டினி எல்லாம் கிடக்கல. கிடந்தா உனக்குப் பால் எங்கேருந்து வரும்?"

மகள் நின்றபடியே இருந்தாள்.

"உன்னை விட்டுட்டு வர ஆள் இல்ல. தூக்கிக்கிட்டுத்தான் போனேன். நடுவுல நீ அழுத. எல்லாரும் வெளிய போயிட்டாங்க. நான் மைக்குக்கு முதுகைக் காட்டி உக்காந்து குடுத்தேன். நீ குடிச்சுக்கிட்டே இருந்த. எனக்கு அன்னிக்கு ஒரே களைப்பு. அதான் கேட்டேன். உன்னைத்தான் கேட்டேன். உங்க மாமா மைக்கை அணைக்க மறந்துட்டான். வெளிய ஹெட்போன் போட்டுக்கிட்டு நின்ன அந்தப் பட டைரக்டர் அதைக் கேட்டு வெளுத்துப் போயிட்டார்."

"அந்த விழுங்குற சத்தம்?"

"நீ."

மகள் போனையும் காதில் மாட்டுவதையும் எடுத்துக்கொண்டு துணி அலமாரிக்குப் போனாள். வீட்டில் குரல் பழகும் இடம் அதுதான். தொங்கும் துணிகளுக்கு நடுவில் தலையை விட்டால் எதிரொலி இருக்காது. உள்ளே உட்கார்ந்து கதவைப் பாதி இழுத்துக்கொண்டாள். அவளுடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்விரல்கள் மடங்கின. விரிந்தன. மறுபடி மடங்கின. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள் என்று புரிந்தது.

கதவு திறந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்தப் படத்தைப் பாத்துட்டு எங்கிட்ட வரமாட்டேன்னு நின்ன. உன்னைக் கேட்டதுதான்டீன்னு எப்படிச் சொல்றது? பேய் என்னைத்தான் கேக்குதுன்னு இன்னும் பயந்திருப்ப. அப்புறம் வளர்ந்துட்ட. பட்டினி கதையை நம்பிட்ட. அதுல பெருமைப்பட வேற செஞ்ச."

மகள் எதையோ யோசித்தாள். "நான் என்ன சொன்னேன்? போதும்னேனா?"

"சொல்லல. கடிச்ச."

மகளின் உதட்டோரம் இழுத்துக்கொண்டது. சிரிப்பாக மாறவில்லை. கையிலிருந்த போன் அதிர்ந்தது. தயாரிப்பு மேனேஜர். அவள் அதை ஒலிபெருக்கியில் போட்டாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று போட்டாளா, பழக்கத்தில் போட்டாளா என்று தெரியவில்லை.

"மேடம், வாழ்த்துகள். எங்க பாத்தாலும் உங்க வார்த்தைதான். தயாரிப்பாளர் அய்யாவுக்கு ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் காலைல தியேட்டர்லயே ஒரு சின்ன விழா. பத்திரிகை, சேனல் எல்லாம் வர்றாங்க. நீங்க மேடையேறி ஜனங்க முன்னாடி 'போதுமா'ன்னு ஒரு தடவை சொல்லிடணும். யாரோ ஒரு பொறாமை பிடிச்சவன் பழசை ஒட்டியிருக்காங்கன்னு எழுதியிருக்கான். நீங்க நேர்ல சொல்லிட்டா அவன் வாய் அடைஞ்சுடும். அடுத்த படத்தைப் பத்தியும் அய்யா அங்கேயே அறிவிக்கிறேன்னு சொல்லியிருக்கார். சரிங்களா?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகளால் சொல்ல முடியும். இரண்டு பேர் குரலும் ஒன்று. இப்போது அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிட்டது. பயமுறுத்தாமல், களைப்பாக, மடியில் இருக்கும் ஒன்றைக் கேட்பது போலக் கேட்டால் போதும். மேடைக்கு எதிரே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கதாநாயகி கையில் வந்துவிடுவாள்.

"வர்றேன் சார்" என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு அலமாரிக்கு முன்னால் நின்றாள். முதுகைக் காட்டியபடி, சாதாரணமாக, யாரையும் கேட்காதது போல அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அம்மாவின் கை தன்னையறியாமல் மார்பில் போய் நின்றது. கொஞ்சமும் பிசகவில்லை. அதே களைப்பு. இத்தனை வருஷத்தில் யாருக்கும் வராதது.

"வந்துடுச்சில்ல?" என்றாள் மகள் திரும்பாமல்.

"வந்துடுச்சு."

"விழுங்கறதுதான் வரல."

"அது வராது."

மகள் அலமாரிக் கதவைச் சாத்தினாள். மகள் இன்னொரு முறை போனை எடுத்து, தியேட்டர் வாசலில் சேனல்காரன் எடுத்த வீடியோவைத் தேடினாள். குழந்தையைத் தோளில் போட்டிருந்தவன் பேசியது அதில் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

"அழுகையைப் பத்தி ஒருத்தர் சொன்னாரேம்மா. என்ன சொன்னார்?"

அம்மா வார்த்தை மாறாமல் சொன்னாள். மகள் உட்கார்ந்து கேட்டாள்.

*

மறுநாள் காலை அம்மாவுக்கு விளம்பரப் பதிவு இருந்தது. முழங்கால் வலிக்குத் தைலம். வலிக்கிற குரலில் ஒருமுறையும் வலி போன குரலில் ஒருமுறையும் பேச வேண்டும். வலிக்கிற குரல் உடனே சரியாக வந்தது. வலி போன குரலைத் திரும்பத் திரும்பப் பேசச் சொன்னார்கள். அதனால் விழாவுக்குப் போகவில்லை.

நடந்ததை ஒலிப்பதிவாளர் போனில் சொன்னார். மகளை மேடையேற்றினார்கள். ஒலிவாங்கியைக் கொடுத்து அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள். அந்த வார்த்தை எங்கம்மாவோடது, அழுகைதான் என்னுது என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படத்தில் அழுதது போலவே. சேனல்காரர்களில் சிலர் கேமராவை இறக்கிவிட்டார்கள். முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். தயாரிப்பாளர் கை தட்டினார். அடுத்த படத்தைப் பற்றி எதுவும் அறிவிக்கவில்லை.

மதியத்துக்குள் ஜனங்கள் எழுதத் தொடங்கினார்கள். நேர்மை என்றார்கள் சிலர். எல்லாம் விளம்பரம், அம்மாவும் பொண்ணும் சேர்ந்து போட்ட நாடகம் என்றார்கள் சிலர். அழுகை நன்றாக இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், அதைவிட என் மாமியார் நன்றாக அழுவார் என்று எழுதியிருந்தார்.

மகள் பசியோடு வந்தாள். வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா பரிமாறினாள். மேனேஜரிடமிருந்து போன் வரவில்லை. இருவரும் போனைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"இன்னும் வைக்கவா?" என்று கேட்டாள் அம்மா.

மகள் தட்டை நகர்த்தவில்லை. அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.